ஆள் இல்லாத இடத்துக்குப் போன பந்து

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் போரால் மின்சாரம் நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. பற்றரியும் வருவதில்லை. ஆகையால் செய்தி கேட்க வேண்டுமென்றால் அண்ணை சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றுவார். பின்சில்லில் உரசும் டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தில் வானொலி பேசும். அவர் கை ஓய்ந்தால் உலகமும் ஓய்ந்துவிடும்.

போன கிழமை ஒரு பின்னேரம், ஐரோப்பாவில் ஏதோ ஒரு கழகம் ஓர் உதைபந்தாட்டக்காரனை வாங்கிய செய்தி வந்தது. தொகையைச் சொன்னார்கள்.

"எங்கடை ஊரையே வளவு கிணத்தோடை வாங்கலாம் போலை கிடக்கு" என்றார் அம்மா.

அண்ணை பெடலை நிறுத்தினார். வானொலி பாதிச் சொல்லில் செத்தது.

"அவ்வளவு காசு குடுத்து வாங்கிப்போட்டினம், சரி. அவன் தட்டுற பந்துக்கு அங்கை ஆள் நிக்குமோ?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி சுற்றத் தொடங்கினார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அந்த முற்றத்தில் எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் நல்லூரடியில் ஒரு ரியூட்டறியில் படிப்பிக்கிறவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள். நான் படிக்க வேண்டுமென்று ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டியைத் தூக்கியவர் அண்ணை. எந்தக் கேள்விக்கும் புத்தகத்தில் விடை தேடுகிற பழக்கம் எனக்கு உண்டு. காசு போட்டால் ஓர் அணி வெல்லுமா என்ற கேள்விக்கு மட்டும் நான் ஒரேயொரு மைதானத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் இணுவிலுக்குப் பக்கம். செம்மண்; வெங்காயமும் புகையிலையும். ஊர்க் கழகத்துக்கு ஒரு கொட்டில், ஒரு பந்து, ஒரு காற்றடிக்கிற பம்ப். எழுத வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். அண்ணை சென்ரர் போவேட்; முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிக்கிறவர். பின்னேரம் தோட்டத்து இறைப்பு முடிந்ததும் கால் சேற்றைக் கழுவாமலே மைதானத்துக்கு ஓடுவார். பல ஆண்டுகளாக அவர் ஆடிய எங்கள் அணி, எந்தச் சுற்றுப்போட்டியிலும் முதலாவது ஆட்டத்தைத் தாண்டியதில்லை. ஒருமுறையாவது ஓர் இறுதியாட்டத்தில், சனம் சுற்றி நிற்கிற மைதானத்தில் இறங்கிவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அந்த ஆண்டு அவருடைய முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நல்லெண்ணெய் பூசிக்கொண்டே, "இந்த வருசத்தோடை சரி" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை.

அந்த ஆண்டுதான் சுருட்டு முதலாளிக்குச் சுற்றுப்போட்டிக் கிண்ணத்தில் ஆசை வந்தது.

முதலாளி எங்கள் ஊர்க்காரர். கொழும்பில் இருந்த கடை எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரிந்தபின் ஊரோடு வந்து, சுருட்டுக் கொட்டிலைப் பெரிதாக்கி மறுபடி எழும்பியவர். அயலூரில் ஒரு லொறி முதலாளி இருந்தார். இருவருக்கும் எதிலும் போட்டி. கோயில் திருவிழாவில் யாருடைய மேளம் கூட என்பது வரை. லொறி முதலாளி நாவாந்துறையில் இருந்து ஆட்டக்காரரைக் காசு கொடுத்து இறக்குகிறார் என்ற கதை காதில் விழுந்த அன்றே எங்கள் முதலாளி காரை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனார்.

அவர் புகையிலை வாங்குகிற முறை ஒன்று உண்டு. இலை தோட்டத்தில் நிற்கும்போதே வரம்பில் நடந்து பார்ப்பார். இரண்டு இலையைத் தூக்கிப் பார்ப்பார். பிடித்தால் அங்கேயே முற்பணம். அதன்பிறகு அந்தத் தோட்டத்து இலையை வேறு ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க முடியாது. குருநகரிலும் அப்படியே செய்தார். கடற்கரை மணலில் ஆடிக்கொண்டிருந்தவர்களை ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்து, ஐந்து பேரைத் தெரிந்து, சுற்றுப்போட்டி முடியும்வரைக்குமாக முற்பணம் கொடுத்தார். பழக்குவதற்கு ஒருவரையும் பிடித்தார். ஒருகாலத்தில் பேர்போன ஆட்டக்காரர். முழங்கால் உடைந்தபின் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். எல்லாரும் அவரை மாஸ்ரர் என்றார்கள்.

அவர்கள் வந்ததற்குக் காரணம் காசு மட்டுமல்ல. கடல் மூடியிருந்தது. மீன்பிடித் தொழிலுக்குப் போகப் படையினரின் தடை. வள்ளங்கள் மாதக்கணக்காகக் கரையில் கவிழ்ந்து கிடந்தன. எங்களுக்கு அது செய்தி. அவர்களுக்கு அது அடுப்பு.

முதல்நாள் பழக்கத்தை நான் மறக்க மாட்டேன். மாஸ்ரர் எங்கள் பெடியள் பதினொரு பேரையும் ஒரு பக்கம் விட்டார். மறுபக்கம் வந்தவர்கள் ஐந்து பேர்.

"ஐஞ்சு பேரோ? என்ன மாஸ்ரர், பகிடி விடுறியளோ?" என்றான் கோலில் நிற்கிற எங்கள் கோலி.

"பகிடியோ இல்லையோ எண்டு பந்திட்டைக் கேளும்" என்றார் அவர்.

நாங்கள் பந்தை அடித்தால் சத்தம் கேட்கும். செம்மண் தரையில் வெறுங்காலால் அடித்துப் பழகிய கால்கள். பந்து 'டம்' என்று போகும், விழுந்த இடத்தில் புழுதி எழும்பும். அவர்களிடம் பந்து போனதும் சத்தம் நின்றுவிட்டது. அவர்களில் ஒருவன், என்னைவிடச் சற்றே மூத்தவன், கறுத்து மெலிந்தவன், பந்தை உள்ளங்காலால் தொட்டு நிறுத்தியதை நான் பார்த்தேன். பறந்து வந்த பந்து அவன் காலடியில் வந்து, கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி இருந்துவிட்டது. எங்கள் மூன்று பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அவன் அங்கே இல்லை. எங்கே போனான் என்று பார்ப்பதற்குள் கோல்.

ஆட்டத்தின் நடுவில் நின்றுவிட்ட அண்ணை மூச்சை இழுத்தார். விட மறந்துவிட்டார்.

அவனும் சென்ரர் போவேட்தான். அன்றிலிருந்து ஊர் அவனைச் 'சென்ரர்' என்றே கூப்பிட்டது. அண்ணைக்கு அந்தப் பெயர் இல்லாமற் போயிற்று. முதலாளி பதினொரு பேரைச் சொன்னபோது அண்ணையின் பெயர் அதில் இல்லை. எக்ஸ்ராக்காரராக, மாற்று ஆளாக, கோட்டுக்கு வெளியே.

ஊரில் சிலர், கரையில் இருந்து ஆள் கொண்டுவந்தது பற்றி முணுமுணுத்தார்கள். முதலாவது ஆட்டத்தில் நாலு கோல் அடித்து வென்றபின் முணுமுணுப்பு இருந்த இடம் தெரியவில்லை. முணுமுணுத்தவர்களே இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஒரேயொரு கரைச்சல், சாப்பாடு. எங்கள் கோயிலில் கொடியேறிவிட்டது. தேரும் தீர்த்தமும் முடியும்வரை ஊரில் ஒரு வீட்டிலும் மச்சம் மாமிசம் காய்ச்ச மாட்டார்கள். பழக்கம் முடிந்தபின் முதலாளி வீட்டில் இருந்து ஆட்டக்காரருக்குப் பெரிய சாப்பாடு வரும். புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பொரித்த அப்பளம், தயிர், கதலி வாழைப்பழம்.

சென்ரர் கறிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பான். "முதலாளி, எல்லாம் நல்ல ருசி. எண்டாலும் ஒரு மீன்ரை படத்தையாவது கீறி அந்தச் சுவரிலை ஒட்டுங்கோவன். பாத்துக்கொண்டு தின்னுறம்."

"கொடி இறங்கட்டும் தம்பி. நானே சந்தையிலை முழுப் பாரை வாங்கித் தாறன்."

"கொடி இறங்கேக்கை நாங்களும் இறங்கியிடுவம் போலை" என்பான் அவன். மாஸ்ரர் கூடச் சிரிப்பார்.

நாங்கள் வென்றுகொண்டே போனோம். நான் பார்த்தது எனக்கே நம்பமுடியாமல் இருந்தது. ஊரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும்போது சனம் கை தட்டியது. எங்கள் ஊருக்குப் போகிற வழி கேட்டு முதன்முதலாக அந்நியர்கள் வந்தார்கள். சென்ரர் ஆடுவதைப் பார்ப்பதற்கென்றே பழக்கத்துக்குச் சைக்கிள்கள் வரிசையாக வந்து வேலியோடு சாய்ந்தன. காசுக்கு இப்படியொரு பலம் உண்டென்று நான் அறிந்திருக்கவில்லை. மேகத்தைக் கூப்பிட்டு மழை பெய்யச் சொன்ன மாதிரி இருந்தது.

அண்ணை விடிய எழும்பி வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். பின்னேரம் மைதானத்துக்குப் போய்ச் சாம்பலால் கோடு போடுவார். பந்துக்குக் காற்றடிப்பார். பிறகு கோட்டுக்கு வெளியே குந்தியிருப்பார். அவர் கண் சென்ரரின் காலை விட்டு எடுபடாது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் சைக்கிளில் வீடு திரும்பும்போது கேட்டேன்.

"உனக்கு ஆத்திரமே வராதோ? அது உன்ரை இடமெல்லே?"

"எடேய், அவன் ஆடுறதைப் பாத்தனியோ நீ?"

"பாத்தனான்."

"இல்லை, பாக்கேல்லை. நீ பந்தைப் பாத்தனி." சைக்கிளை நிறுத்தி, தெருவில் கிடந்த தேங்காய்ப் பொச்சுமட்டை ஒன்றை எடுத்துக் காலடியில் போட்டார். "நாலு பேர் மறிச்சால் என்ன செய்யிறான் தெரியுமோ? முன்னுக்குப் போற மாதிரிப் போய், இடக்குதியாலை பின்னுக்கு ஒண்டு தட்டுறான். இப்பிடி. பந்து பின்பக்கம் இடக்கைப் பக்கமாப் போகுது. என்ன வடிவான பந்து! கோல் திறந்து கிடக்கு. ஆனா அங்கை ஆள் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலையும் தட்டுறான். ஒவ்வொரு முறையும் அங்கை ஆள் இல்லை."

"எங்கடை ஆக்கள் வேணுமெண்டு நிக்காமல் விடுகினமோ?"

"வேணுமெண்டில்லை. அவன் முன்னுக்குப் போறான் எண்டு எல்லாரும் நினைக்கினம். மற்றப் பக்கம் மட்டுமில்லை, எங்கடை ஆக்களும்தான்."

பொச்சுமட்டையை இன்னொருதரம் குதியால் பின்னுக்குத் தட்டினார். அவர் முகத்தில் இருந்தது பொறாமை இல்லை. தேர் அசைகிற நேரத்தில் சனத்தின் முகத்தில் இருப்பது அது.

இறுதியாட்டத்துக்கு எங்கள் ஊரும், லொறி முதலாளியின் ஊரும் வந்தன. அதற்கு வேறு வழியும் இல்லை. மற்ற ஊர்களிடம் காசு இல்லை. நாள் குறிக்க இரண்டு முதலாளிமாரும் எங்கள் கழகக் கொட்டிலில் கூடினார்கள். பஞ்சாங்கம் வந்தது. எங்கள் தேர், அவர்களுடைய பூங்காவனத் திருவிழா, ஒரு கல்யாண வீடு, அட்டமி, நவமி எல்லாவற்றையும் விலக்கி, இராகு காலத்துக்குத் தப்பி, ஒரு சனிக்கிழமை பின்னேரத்தைப் பிடித்தார்கள். தோட்டக்காரரின் இறைப்பு முறை கூடப் பார்க்கப்பட்டது.

மூலையில் இருந்த மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "எல்லாரையும் கேட்டியள். கடலைக் கேட்டனீங்களோ?"

"கடலையோ? அது மூடியெல்லே கிடக்கு. மூடிக் கிடக்கிறதிட்டை என்னத்தைக் கேக்கிறது?" என்றார் எங்கள் முதலாளி. லொறி முதலாளியும் சேர்ந்து சிரித்தார். இருவரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனதை ஊர் அன்றுதான் கண்டது.

கடலைத் திரும்பிப் பார்க்காமலே வாழ்ந்து முடிக்கிற ஊர்கள் எங்களுடையவை. நானும் சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில், கார் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டு வர என்னைக் குருநகருக்கு அனுப்பினார் முதலாளி. ஓய்வில்லாமல் வீசிக்கொண்டிருந்த சோளகக் காற்று அன்று விழுந்திருந்தது. மரங்கள் அசையவில்லை. தேவாலயத்தைத் தாண்டிக் கடற்கரைத் தெருவில் திரும்பியதும் காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டேன்.

முழு ஊரும் கரையில் நின்றது. மாதக்கணக்காகக் கவிழ்ந்து கிடந்த வள்ளங்கள் எல்லாம் நிமிர்ந்திருந்தன. ஆண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பெண்கள் வலைகளைத் தலையில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் வள்ளங்களில் போட்டார்கள். கிழவர்கள் சும்மா நிற்க மாட்டாமல் கயிறுகளைப் பிடித்தார்கள். எஞ்சின்கள் இருமி இருமிப் பற்றின. ஒன்று பற்றியதும் கரை முழுக்க ஒரு கூச்சல். தண்ணீர்மேல் வெயில் விழுந்து, ஒவ்வொரு வள்ளமாக அந்த வெளிச்சத்துக்குள் போயிற்று. நான் வளர்ந்த இடத்தில் இருந்து சைக்கிளில் வரக்கூடிய தூரத்தில் இப்படியொன்று இருந்திருக்கிறது. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

சென்ரர் ஒரு வள்ளத்தின் அணியத்தில், அதன் முன்முனையில், கை வைத்து நின்றான். என்னைக் கண்டதும் முகம் வாடினான்.

"தம்பி, நேற்றுப் பின்னேரம்தான் சொன்னவங்கள். இண்டைக்கு ஒரு நாள், பகலிலை மட்டும் போகலாமாம்."

நான் கொண்டுபோன நேரத்தைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்வது?

"முதலாளியிட்டைக் கோவிக்க வேண்டாமெண்டு சொல்லும். காசைத் திருப்பித் தாறம். இதுக்கை ஐயா இருக்கிறார், மாமா இருக்கிறார், தம்பி இருக்கிறான். நான் ஏறாட்டி வள்ளம் ஒருபக்கம் சாயும்." பிறகு வானத்தைப் பார்த்தான். "காத்து விட்டுதெண்டால் பின்னேரம் வரப் பாக்கிறன். சத்தியம் பண்ண மாட்டன்."

வள்ளம் மிதந்தது. அவன் ஏறினான். மைதானத்தில் எப்படி இருப்பானோ அப்படியே, பாரமில்லாமல்.

பின்னால் மாஸ்ரர் வந்து என் சைக்கிள் கரியரில் கை வைத்தார். கையெல்லாம் எஞ்சின் ஒயில். "எனக்கு வள்ளம் இல்லை. என்ரை வேலை விடிய முதலே முடிஞ்சுது. சைக்கிளை உழக்கும், போவம்."

முதலாளி செய்தியைக் கேட்டதும் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"முற்பணம் குடுத்தனான்! மாஸ்ரர், முற்பணம் குடுத்த பொருள் எப்பிடி மாறும்?"

"புகையிலைக்கு வேர் இருக்கு முதலாளி. நிக்கும்" என்றார் மாஸ்ரர்.

அன்றைய மைதானம் நல்லூருக்கு அப்பால், வயல்வெளி ஓரமாக இருந்தது. நான் அவ்வளவு சனத்தைத் தேர்த்திருவிழாவுக்கு வெளியே கண்டதில்லை. மதில், வேம்பு, லொறிக் கூரை, எங்கும் ஆட்கள். எல்லாரும் வாங்கின ஆட்டக்காரரைப் பார்க்க வந்தவர்கள். நாங்கள் தலை குனிந்து உள்ளே போனோம். அங்கே மறுபக்கத்தில் எதிரணியும் தலை குனிந்து நின்றது. நாவாந்துறைக்கும் கடல் ஒன்றுதானே. லொறி முதலாளி தம்முடைய லொறியின் மிதிபலகையில் தனியே இருந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

எங்களுக்கு ஆள் எண்ணிப் பார்த்தால் ஒருவர் குறைந்தது; விலக்கப்பட்ட பெடியளில் ஒருவன் அன்று வந்திருக்கவில்லை. மாஸ்ரர் சுற்றிவரப் பார்த்தார். பார்வை என்னில் வந்து நின்றது.

"செயலாளரே, ஓடத் தெரியுமோ?"

"ஓடத் தெரியும். பந்தோடை ஓடத் தெரியாது."

"பந்து உம்மிட்டை வராமல் பாப்பம். இடப்பக்கம் நில்லும்."

நான் பெனியனை மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணையைப் பார்த்தேன். அவர் சென்ரருடைய ஒன்பதாம் இலக்கப் பெனியனைக் கையில் வைத்து, உள்பக்கம் வெளிப்பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போட்டார். முழங்காலில் துணியைச் சுற்றினார். மைதானத்துக்குள் காலை வைக்கமுன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கேட்டிருந்த இறுதியாட்டம் அவருக்கு வந்துவிட்டது.

சனத்துக்குத்தான் ஏமாற்றம்.

"உவையள் ஆர்? வெங்காயம் கிண்டிற ஆக்களெல்லே!"

"மற்றப் பக்கம் மட்டும் என்ன? உந்தக் கோலி எங்கடை வீட்டுக் கிணறு இறைச்சவன்!"

"இறைப்பு மெசினைக் கொண்டுவந்து பூட்டுங்கோடா, ஆட்டம் கொஞ்சம் ஓடும்!"

ஆட்டம் பார்க்கக்கூடியதாக இருக்கவில்லை என்பது உண்மை. இரண்டு பக்கமும் பந்தை வானத்துக்கு அடித்தோம். நான் இரண்டு தரம் பந்தைத் தொட்டேன். ஒன்று கோட்டுக்கு வெளியே போனது, மற்றது நடுவருடைய முதுகில் பட்டது. அண்ணை ஒருமுறை இருவரை விலத்திக்கொண்டு போனார். முன்னே போகிற மாதிரிப் போய், இடக்குதியால் பின்னுக்குத் தட்டினார். வடிவான பந்து. அங்கே நிற்க வேண்டியவன் நான் என்பது பந்து போய் வெகுநேரத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

"ஐயோ, அங்கை நில்லடா!" என்றார் அண்ணை. கோபமாக இல்லை, கெஞ்சலாக.

இடைவேளையில் தோடம்பழச் சுளை தந்தார்கள். கோல் இல்லை. முதலாளி கோட்டோரம் வந்தார். வயலுக்கு அப்பால், தெற்கே பார்த்துக்கொண்டு நின்றார். கடலை அவர் தேடியது அன்றுதான் முதற்தரமாக இருக்க வேண்டும்.

ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கையில் சனம் ஒரு பக்கத்தில் பிளந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில், காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. சாறத்தை மடித்துக் கட்டியபடி, உப்புக் காய்ந்து வெளுத்த உடம்போடு, சென்ரர் சைக்கிளில் வந்தான். மற்ற நால்வரும் பின்னால். ஹாண்டிலில் ஓலைக் கோர்வையில் மீன் தொங்கிற்று.

"சென்ரர்! சென்ரர்!" என்று மைதானம் அதிர்ந்தது. முதலாளி ஓடினார். "இறக்குங்கோ மாஸ்ரர், இறக்குங்கோ! ஐஞ்சு பேரையும் இறக்குங்கோ!"

"ஐஞ்சு பேரை மாத்த ஏலாது. அதோடை மற்ற நாலு பேரும் வலைக் கயித்திலை கை வெட்டுண்டு நிக்கினம்" என்ற மாஸ்ரர், சென்ரரைப் பார்த்தார். "நீ?"

"கனநாளுக்குப் பிறகு கடலெல்லே மாஸ்ரர். எனக்கு இப்ப தரை ஆடுது. ஓட ஏலாது. நிண்டு தட்டலாம்."

அண்ணை கோட்டோரம் வந்துவிட்டார். ஒன்பதாம் இலக்கப் பெனியனைக் கழற்றக் கை வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நீர் போம், நீர் போம்" என்று மாஸ்ரர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "செயலாளரே, வாரும். போதும்."

என் உதைபந்தாட்ட வாழ்வு அத்தோடு முடிந்தது. நான் ஒரு வெற்றிகரமான ஆட்டத்திலும் இவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டேன். என் பெனியன் சென்ரருக்கு நெஞ்சுவரைக்குந்தான் வந்தது. கீழே சாறத்தைக் கழற்ற, ஈரக் காற்சட்டை. அப்படியே நடந்துபோய் எதிரணியின் கோலுக்கு முன்னால் நின்றான். ஓடவில்லை. காலை அகட்டி, வள்ளத்தில் நிற்பதுபோல நின்றான்.

அதன்பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். எதிரணியில் ஒருவன் ஓடிவந்து அவனருகில் நின்றான். இன்னொருவன் வந்தான். பிறகு மற்றவன். அவனுக்குத் தரை ஆடுகிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது முதலாளி கொடுத்த காசு. நிற்கிற ஒரு மனிதனை மறிக்க நாலு பேர். அத்தனை நேரமும் அடைத்துக் கிடந்த மைதானம் சோம்பல் முறித்த மாதிரித் திறந்தது.

எங்கள் கோலி அடித்த பந்து உயர்ந்து வந்தது. சென்ரர் நெஞ்சில் ஏந்தினான். சத்தம் இல்லை. நாலு பேரும் பாய்ந்தார்கள். அவன் முன்னுக்குச் சரிந்தான். எங்கள் ஆட்களும், சனமும், நானும் எல்லாரும் முன்னுக்குப் பார்த்தோம். பந்து அங்கே இல்லை. அவன் இடக்குதியால் பின்னுக்குத் தட்டியிருந்தான்.

அங்கே அண்ணை நின்றார்.

ஓடி வந்து சேரவில்லை. முதலே வந்து நின்றிருந்தார். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் வரமுன் வாய்க்காலைத் திறந்துவிட்டுக் காத்து நிற்பாரே, அந்த நிலை. ஒரேயொரு உதை. எங்கள் ஊர் உதைதான். 'டம்' என்று சத்தம் கேட்டது. எதிரணிக் கோலி அசையவே இல்லை.

அந்த ஒரே கோலோடு ஆட்டம் முடிய, சனம் உள்ளே விழுந்தது. முதலாளி சென்ரருக்கு மாலை போட்டார். "நான் சொன்னனான்தானே! காசைப் போட்டால் வரும், வரும் எண்டு!" என்று எல்லாருடைய கையையும் பிடித்து ஆட்டினார். பந்தைத் தட்டியவன் அவர் வாங்கினவன். அடித்தவர் அவர் வாங்காதவர். இதில் எதைக் கழித்தாலும் கோல் இல்லை. எத்தனையோ கணக்குப் படித்த நான் அந்தக் கணக்கை இன்றுவரை செய்து முடிக்கவில்லை.

வெயில் சாய்கிற நேரம் வயலோரத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். மீனை எங்கள் ஊருக்குள் கொண்டுபோக முடியாதே. பக்கத்து வீட்டில் சட்டி இரவல், பேக்கரியில் பாண். வந்தவர்கள் ஐந்து பேரும் மாஸ்ரரும் சாப்பிட, விரதம் பிடித்த எங்கள் பெடியள் புகை வருகிற பக்கமாக வரிசையில் இருந்து மணத்தை மட்டும் பிடித்தார்கள்.

"பாவங்கள். மீன்ரை படம் ஒண்டு கீறிக் குடுங்கோவன்" என்றான் சென்ரர்.

அண்ணையும் விரதம். தென்னம்பன்னாடை பொறுக்கி வந்து அடுப்புக்கு ஊதிக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியபின் கேட்டார்: "தம்பி, நான் அங்கை நிப்பன் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

சென்ரர் பாணைத் தோய்த்தபடி யோசித்தான்.

"தெரியாது அண்ணை. நான் பாக்கேல்லை. எப்பவும் அந்த இடத்துக்குத்தான் தட்டுறனான், சின்னனிலை இருந்து. அங்கை ஆரோ நிக்கவேணும் எண்டு காலுக்குத் தோணும். ஒருநாளும் ஒருத்தரும் நிண்டதில்லை." கை நின்றது. "நீங்கள்தான் முதல் ஆள்."

அண்ணை ஊதுவதை விட்டுவிட்டு அவனையே பார்த்தார். அவன் அண்ணையைப் பார்த்தான். அங்கிருந்த ஒருவருக்கும் அது பெரிய விடயமாகப் படவில்லை. அடுப்பு அணையாமல் நான் ஊதத் தொடங்கினேன்.

முதலாளி அந்த நேரம் பார்த்து வந்தார். "தம்பி, வாற வருசத்துக்கும் இப்பவே முற்பணம் தாறன், என்ன?"

"கடலைக் கேட்டுச் சொல்லுறன் முதலாளி" என்றான் சென்ரர்.

கையைக் கழுவிவிட்டு அவன் எழுந்தான். தரை இன்னும் ஆடுகிறதென்று சொல்லி அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டான். இருவரும் பந்தை எடுத்துக்கொண்டு அறுவடை முடிந்த வயலுக்குள் இறங்கினார்கள். வெளிச்சம் இருந்தவரை அவன் திரும்பிப் பாராமல் பின்னுக்குத் தட்டிக்கொண்டே இருந்தான். முழங்காலில் துணி அவிழ்ந்து தொங்க, ஒவ்வொரு முறையும் அங்கே அண்ணை நின்றார்.